ஆஸ்பத்திரி வாசலில் யார் முந்தி?

உயிர் போகும் அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முதலில் யாரைக் கவனிப்பது? வந்த வரிசைப்படியா, பணத்தின்படியா, பதவியின்படியா? இருநூறு வருஷங்களுக்கு முன்பே, நெப்போலியன் சேனையின் வைத்தியரான லார்ரே என்பவர், காயத்தின் கடுமையைப் பார்க்க வேண்டுமேயொழியப் பட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, அப்படியே நடந்தும் காட்டினார். இதைவிட யோக்கியமான சமத்துவம் வேறு என்ன இருக்கின்றது?

நிற்க, கொள்கை நல்லதாயிருந்தால் மாத்திரம் போதுமா? தரம் பிரிப்பது சரியாக நடக்கின்றதா என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் நோயாளி வந்ததும் ஒரு நர்ஸ் அவரைப் பார்த்து 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுக்கின்றார். 1 என்றால் அந்த க்ஷணமே கவனிக்க வேண்டியவர். 5 என்றால் காத்திருக்கக் கூடியவர். கலிபோர்னியாவின் வடபாகத்தில் 21 ஆஸ்பத்திரிகளில், 2016 முதல் 2020 வரை, சுமார் 53 லட்சம் வருகைகளை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 32 வருகைகளில் எண் தப்பு! பெரும்பாலும் நோயை உள்ளதற்கு மேலாக மதித்த தப்பு. "அதனால் யாருக்கு நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். படுக்கையும் டாக்டரும் அளவோடுதானே இருக்கின்றார்கள்! ஒருவருக்கு வீணாய்ப் போனது மற்றொருவருக்கு இல்லாமற் போகின்றது. மற்றவையோ, ஆபத்தைக் குறைவாய் மதித்தவை. அவை மாத்திரம் சுமார் 1,76,000.

"அநுபவசாலியின் கண் தப்பாது" என்பவர்களைக் கேட்கின்றோம்: இப்படிக் குறைவாய் மதிக்கப்படும் அபாயம் வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு நூற்றுக்கு 18.5 பங்கு அதிகமாய் இருந்ததேன்? நோய்க்கும் நிறபேதம் உண்டா? கண்ணை விட்டுக் கருவியை நம்பலாமென்றால், இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டும் கருவியின் கதையைக் கேளுங்கள். மறைந்திருக்கும் பிராணவாயுக் குறைவை அது காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் சுமார் மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்க வைத்தியர்களே கண்டார்கள். கருவியும் மனிதன் செய்ததுதானே!

சில நிமிஷங்களில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நர்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. காத்திருப்பவரை மறுபடியும் மறுபடியும் பார்த்து எண்ணைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் தப்புகளை எண்ணி, அவை யார் தலையில் விழுகின்றன என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். பலித்ததைச் சொல்லிப் பலிக்காததை மறைப்பது ஜோசியன் தொழில். அது வைத்தியன் தொழிலாகக் கூடாது.