மானாவாரிக்கு எந்தப் பயறு? சராசரி மறைக்கும் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்குப் பயறு எதற்கு என்று கேட்காதீர்கள், இதுவும் கணக்குதான் :)

கடையில் பீன்ஸ் என்று வாங்குவது ஊட்டி, கொடைக்கானல் குளிரில் விளைவது. நம் வெயிலில் அதன் பூ உதிர்ந்துவிடும். நெல்லை, தூத்துக்குடி மானாவாரிக்கு உளுந்து, பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சைதான். இதில் எது சிறந்தது என்றால், "ஏக்கருக்குச் சராசரியாக எத்தனை கிலோ?" என்ற ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மணிமுத்தாறு அணையை நம்பிப் பிசான நெல் போடுகிறவர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து ஓரளவு திட்டமிடலாம். கால்வாய் எட்டாத மேட்டு நிலத்துக்காரருக்கு வடகிழக்குப் பருவமழையை விட்டால் வேறு வழி கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதை எந்த ரகமும் தாங்காது. அதை விடுங்கள். பூக்கும்போது இரண்டு வாரம் மழை இல்லாமல் போவதும், நெத்து காயும்போது மூன்று நாள் தூறுவதும் அடிக்கடி நடப்பவை.

இங்கேதான் ரகங்கள் வேறுபடுகின்றன. கோ 8 பாசிப்பயறு, வம்பன் 8 உளுந்து போன்ற புது ரகங்கள் இரண்டு, இரண்டரை மாதத்தில் காய் முழுவதும் ஒன்றாக முதிர்ந்துவிடும். ஒரே அறுப்பு, இயந்திரமும் இறக்கலாம். கூலி விற்கிற விலைக்கு இது பெரிய லாபம். ஆனால் அந்த வாரம் மழை பிடித்தால் மொத்தமும் செடியிலேயே முளைக்கும். கொடியோடும் நாட்டுத் தட்டப்பயறு விட்டுவிட்டுப் பூக்கும். முதல் பூ கருகினாலும் அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். ஆனால் நாலைந்து முறை பறிக்க வேண்டும், கூலி தின்றுவிடும்.

ஒரு பேச்சுக்கு ஐந்து வருட விளைச்சலை (ஏக்கருக்குக் கிலோவில்) இப்படி வைத்துக்கொள்வோம்:

முதல் பயறு: 500, 450, 400, 50, 400. சராசரி 360.
இரண்டாவது: 350, 350, 300, 250, 300. சராசரி 310.

புத்தகப்படி முதலாவதுதான் ஜெயிக்கும். ஆனால் அந்த 50 கிலோ வருடத்தில் உழவுக்கூலி கூடத் தேறாது. நகை அடகுக்குப் போகும், வட்டி ஓடும். அடுத்த நல்ல வருடத்தின் லாபம் அதற்கே சரியாகிவிடும். கையில் பணம் உள்ளவர் சராசரியைப் பார்க்கலாம். கடன் வாங்கி விதைப்பவர் மோசமான வருடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் தட்டப்பயறே போடலாமே என்றால், அதிலும் சிக்கல். 2025-26 பருவத்துக்கு உளுந்துக்குக் குவிண்டால் 7,800 ரூபாய், பாசிப்பயறுக்கு 8,768 ரூபாய் என்று மத்திய அரசு ஆதார விலை அறிவித்தது. தட்டப்பயறும் மொச்சையும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வியாபாரி சொன்னதுதான் விலை. வறட்சியில் கைகொடுக்கும் பயிருக்கு விலைப் பாதுகாப்பு கிடையாது என்பது என்ன நியாயம்?

என் கருத்து இதுதான். ரகத்தை அறிமுகம் செய்யும் துண்டுப் பிரசுரத்தில் சராசரியோடு, மழை பொய்த்த வருடத்து விளைச்சலையும் அச்சிட வேண்டும். தட்டப்பயறையும் மொச்சையையும் ஆதார விலைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை, உளுந்துக்கு ஊடே தட்டப்பயறையும் கலந்து போடும் பழைய வழக்கம்தான் புத்திசாலித்தனம். நாங்கள் வகுப்பில் முதலீட்டைப் பிரித்துப் போடு என்று படிப்பதும் அதைத்தானே?

உங்கள் ஊர்ப் பக்கம் எதை விதைக்கிறார்கள்? மோசமான வருடத்தில் எது மிஞ்சியது? சொல்லுங்கள்.