ரம்பம் சுழலுமுன்



மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955-இல் ஏற்படுத்தியவர் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர். சூசையப்பர் காலத்தில் கைரம்பந்தான். இன்றோ வீட்டுப் பட்டறைகளிலும் மின்சார வட்ட ரம்பம் சுழல்கிறது. மரத்துக்கும் விரலுக்கும் அது வேற்றுமை அறியாது.

ரம்பத்தைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அதற்கும் மரம் சாய்ந்து நகரும் பக்கச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை முன்புறத்தில் அளந்து பாருங்கள். தகட்டை மெல்லச் சுழற்றி, அதே பல்லைப் பின்புறம் கொண்டுவந்து மீண்டும் அளவெடுங்கள். பின்புறத்து அளவு குறைந்திருந்தால் மரம் அங்கே நெருக்குண்டு, மேலெழும் பற்களில் சிக்கி, தள்ளுகிறவரின் வயிற்றை நோக்கிப் பாய்ந்து வரும். கண்ணிமைக்கும் நேரந்தான்; விலக அவகாசமிராது. இரண்டு அளவும் ஒத்துவரும்வரை சட்டத்தைத் திருத்துங்கள். அறுக்கையில் மரம் கருகினால், ஒன்று சட்டம் கோணியிருக்கும், அல்லது பற்கள் மழுங்கியிருக்கும்.

தகட்டுக்கு நேரே நில்லாமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். ஒடுங்கிய துண்டுகளைக் கையால் தள்ளாமல் கோலால் தள்ளுங்கள். தோளில் துண்டு வேண்டாம். கழுத்தில் தொங்கும் உத்தரியத்தையும் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், தேவதாய் கோபிக்கமாட்டார்கள்.