நாற்காலிக்கு உறை தைப்பவள் சும்மா இருப்பவளா?

திருநெல்வேலிப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்காத தெரு உண்டா? ஆனால் அந்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். "வீட்ல சும்மாதான் இருக்கா... ஏதோ நாலு பிளவுஸ் தைக்கா" என்பார்கள். அந்த 'ஏதோ'வில்தான் கோளாறே இருக்கிறது.

ஹாலில் கிடக்கும் குஷன் நாற்காலியின் ரெக்சின் வெடித்துவிட்டது என்று வையுங்கள். ஒன்று, குஷன் கடைக்காரரைக் கூப்பிட்டு அவர் கேட்ட கூலியைக் கொடுக்கிறார்கள். அல்லது ஆன்லைனில் 'எல்லா சைஸுக்கும் பொருந்தும்' எலாஸ்டிக் உறையை வரவழைக்கிறார்கள். தைக்கத் தெரிந்தவள் அதே வீட்டில் இருக்கிறாள். அவளை யாரும் கேட்பதில்லை!

அந்த எலாஸ்டிக் உறையின் லட்சணம் என்ன? பெரும்பாலும் பாலியஸ்டரில் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்தது. நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் சுருண்டு ஏறிக்கொள்ளும். பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. நெல்லையின் சித்திரை வெயிலில் இதன் அர்த்தம் முதுகுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணித் தண்ணீரை நம்பி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை கண்ட ஊர். 1974ல் மதுரா மில்ஸ் ஜே. அண்டு பி. கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. தையல் நூல் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் அது. கொஞ்சம் கிழக்கே வந்தால் கைத்தறிக்குப் பேர்போன வீரவநல்லூர், கோரைப் பாய்க்குப் பத்தமடை. நூலும் தறியும் நிறைந்த ஆற்றங்கரையில் நாற்காலிக்கு உறை பார்சலில் வருகிறது. என்ன கொடுமை!

சரி, உறை தைப்பது அவ்வளவு கஷ்டமா? பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுவிட்டு வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே உறை சுருங்கி, நாற்காலிக்குள் ஏறாது. துணியின் உள்பக்கம் வெளியே தெரியும்படி நாற்காலி மேல் போட்டு, பின் குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். முதுகும் இருக்கையும் சேரும் இடத்தில் உள்ளே செருகப் பத்து சென்டிமீட்டர் அதிகம் விட வேண்டும். அதை மறந்தால் உட்கார்ந்ததும் தையல் பிரியும். கைப்பிடியின் வளைவில் டாட் பிடிக்க வேண்டும். ஓரத்துப் பைப்பிங்குக்குக் கிராஸ் பீஸ் வெட்ட வேண்டும். கீழே கட்ட நாடா.

டாட், கிராஸ் பீஸ், தையலுக்கு விடும் இடம்... இதெல்லாம் பிளவுஸ் தைப்பவளுக்குத் தினசரி வேலை. அவள் அளவெடுப்பது மூச்சு விடும், கை தூக்கும், ஆறு மாதத்தில் பெருக்கும் உடம்புக்கு. ஆடாமல் அசையாமல் நிற்கும் நாற்காலி அவளுக்கு ஒரு சவாலா?

"கைப்பிடி நாற்காலிக்கு அஞ்சாறு மீட்டர் துணி வேணும், எலாஸ்டிக் உறைதானே மலிவு" என்பார்கள். வாங்கும் அன்றைக்கு மலிவுதான். ஆனால் தைத்த உறையைக் கழற்றித் துவைக்கலாம், கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடலாம். தொளதொளத்த எலாஸ்டிக் உறையை என்ன செய்வது?

உண்மையில் கணக்கு துணியில் இடிக்கவில்லை, கூலியில் இடிக்கிறது. குஷன் கடைக்காரர் செய்தால் அது தொழில். பேரம் பேசியாவது கூலி கொடுக்கிறார்கள். அதே வேலையை மதினி செய்தால் ஒரு 'நல்லாருக்கே'யோடு கணக்கு முடிந்தது. அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் மெஷின் தருகிறது. மெஷின் வந்தால் போதுமா? அதில் தைப்பதற்கு நியாயமான கூலியை ஊர்தானே தர வேண்டும்!

அடுத்த முறை நாற்காலி கிழிந்தால், ஆன்லைனில் தேடும் முன் தெருவில் மெஷின் சத்தம் வரும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். குஷன் கடையில் கொடுக்கும் கூலியை, ஒரு ரூபாய் குறைக்காமல், அவள் கையில் கொடுங்கள். அது சொந்த வீட்டு மதினியாக இருந்தாலும்தான்.