ஓதத்துக்குச் சிமென்ட் மருந்தல்ல

மழை தொடங்கியதும் விளம்பரங்களும் தொடங்கிவிட்டன: ஒரே கோட்டிங், ஓதம் ஓடிவிடும். பழைய வீட்டின் சுவரடியில் ஈரம் ஏறினால் காரையைக் கொத்தி, சிமென்ட் பூசி, நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினால் தீர்ந்தது என்ற நம்பிக்கை மேஸ்திரி முதல் பெயின்ட் கடைக்காரர் வரை எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைப் பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும். அந்த வழியைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் வற்றாது, வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். டைல்ஸ் முடியும் இடத்துக்கு ஒரு சாண் மேலே பெயின்ட் கொப்பளித்து, விரல் பட்டதும் வெள்ளை மாவாக உதிர்வது இதனால்தான். ஈரம் கொண்டுவந்த உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை அரிக்கிறது. டைல்ஸ் ஒட்டிய இடம் காய்ந்துதானே இருக்கிறது என்கிறார்கள். காய்ந்திருப்பது டைல்ஸ், அதற்குப் பின்னால் சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு நூறு வருடம் கடந்தும் பளபளக்கிறது. அது வறண்ட பூமி, சென்னைக்கு ஒத்துவராது என்பது அடுத்த சமாதானம். மெரினாவுக்கு எதிரே, உப்புக்காற்றின் முகத்தில், 1879-இல் கட்டடக் கலைஞர் சிஸம் கட்டி முடித்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் எந்தக் காரையில் நிற்கிறது? அதுவும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு வேலைக்குச் செலவு அதிகம், ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை. சில வருடங்களுக்கு ஒருமுறை கொத்திக் கொத்திப் பூசுவது மட்டும் இலவசமா? ஆள் இல்லாமல் போனதற்கும், நாம் அவர்களைக் கூப்பிடாததே காரணம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் கொட்டிக் கொட்டித் தெரு உயர்ந்துவிட்டது. படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று படி இறங்கிப் போகிறோம். சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று அரசே உத்தரவிட்டும் பல தெருக்களில் அது நடப்பதில்லை. போதாததற்குக் கொல்லைப்புறத்தையும் சிமென்ட் தளமாக்கி, மழைத்தண்ணீரைச் சுவரோரம் தேக்குகிறோம். முதலில் அந்தத் தளத்தைச் சுவரோரமாவது பெயர்த்தெடுத்து, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். சிமென்ட் பூச்சை உரித்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு பூச வேண்டும். காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது.