எண்ணெய் வாங்கியது நாங்களா?

ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கிய குற்றத்துக்காக எனக்குத் தண்டனை விதித்திருக்கிறார்கள். நான் திருப்பூர் பதினைந்து வேலம்பாளையத்தில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். என் ஆயுசில் வாங்கிய எண்ணெயெல்லாம் ரேஷன் கடைப் பாமாயிலும் மளிகைக் கடைக் கடலை எண்ணெயும்தான். வேண்டுமானால் மெஷினுக்கு விடுகிற எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் எது உக்ரைன் போருக்குக் காசு கொடுத்தது என்று வாஷிங்டனில் இருக்கிறவர்கள் கொஞ்சம் விளக்கினால் தேவலை.

நடந்தது இதுதான். 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். அது போதாதென்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டமாக இன்னொரு 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல். அன்றைக்கு விநாயகர் சதுர்த்தி. தெருவுக்குத் தெரு பிள்ளையார் வைத்து மைக் செட் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கொழுக்கட்டை யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

27-க்கு முன்னால் கப்பலேறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே இறங்கிவிட்டால் தண்ட வரி கிடையாது என்று ஒரு சலுகை சொன்னார்கள். அதை நம்பி ராப்பகலாகத் தைத்தோம். ஆனால் செங்கடலில் ஏவுகணைக்குப் பயந்து 2023 கடைசியிலிருந்தே பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. வழியிலேயே கூடுதலாகப் பத்துப் பதினைந்து நாள் போய்விட்டது. ஒரு போருக்காக வரி போட்டார்கள். அந்த வரிக்குக் கொடுத்த கெடுவை இன்னொரு போர் தின்றுவிட்டது. இரண்டு போரிலும் எங்களுக்கு ஒரு ஜோலியும் இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் முன்பிருந்தே 16.5 சதவீதம் வரி. பணக்காரன் வாங்கும் பல சாமான்களுக்கு அங்கே வரி இதைவிடக் குறைவு. ஏழை உடுத்துகிற துணிக்குத்தான் எப்போதும் அதிகம். அதன் மேல் இந்த 50. மொத்தம் 66.5 சதவீதம் ஆனது. தூத்துக்குடியில் 4 டாலருக்குக் கப்பலேறும் டி-ஷர்ட்டுக்கு அங்கே வரி மட்டும் 2.66 டாலர் ஆனது. அந்த 4 டாலரில் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற என்னுடையது போன்ற பவர் டேபிள் யூனிட்டுக்கு வருகிற தையல் கூலி 15 ரூபாயைத் தாண்டாது. அதில்தான் டெய்லர் சம்பளம், கைமடி என்கிற உதவியாளின் சம்பளம், நூல், கரண்ட் பில், வாடகை, மகளிர் குழுக் கடன் எல்லாம்.

2.66 டாலரை யார் சுமப்பது? அமெரிக்கக் கடைக்காரர் தன் விலையை ஏற்ற மனசில்லாமல் எக்ஸ்போர்ட்டரிடம் தள்ளுபடி கேட்டார். எக்ஸ்போர்ட்டர் கொடுத்தார். கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் என் யூனிட் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னார்: “ஏனுங்க அக்கா, நாங்களே நட்டத்துக்குத்தான் அனுப்பறோம். பீஸுக்கு ரெண்டு ரூபா விட்டுக் குடுங்க. இல்லீன்னா மெஷினை மூடி வெச்சுக்கறது உங்க இஷ்டம்.” நான் யாரிடம் போய்த் தள்ளுபடி கேட்பது? குழுக் கடன்காரியிடமா? மின்வாரியத்திடமா? எனக்குக் கீழே இருப்பது பிசிறு வெட்டுகிற சரசு அக்காதான். அறுபது வயதுக்காரியின் கூலியில் கை வைத்துத்தான் அமெரிக்க ஜனாதிபதியின் கோபத்தைத் தணிக்க வேண்டுமா?

இன்னொரு கம்பெனிக்குத் தைத்த சரக்கு என் யூனிட்டிலேயே தேங்கி நின்றது. சிவப்பு டி-ஷர்ட், நெஞ்சில் கலைமான், மான் மூக்கில் மினுமினுப்பு பிரிண்ட். 2025 கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டியது. அளவெல்லாம் டபுள் எக்ஸெல், த்ரீ எக்ஸெல். ஆர்டரை நிறுத்தச் சொல்லி பையரிடமிருந்து மெயில் வந்தபோது பாதிக்கு மேல் தைத்தாகிவிட்டது. உள்ளூர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்து ஒன்றை விரித்துப் பார்த்தார். “இதுக்குள்ள ரெண்டு ஆள் போலாமுங்களே” என்று சிரித்தார். கழுத்து லேபிளையெல்லாம் வெட்டிக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எடைக்கு! பழைய பேப்பர் மாதிரி! நானே பூட்டிய லேபிளை நானே உட்கார்ந்து வெட்டினேன். ஒட்டுத் தையல் பிரியாமல், துணியில் ஓட்டை விழாமல் வெட்ட வேண்டும். தைப்பதற்குக் கூலி உண்டு, வெட்டுவதற்கு ஏது?

இந்த லட்சணத்தில் எங்களுக்குப் புத்தி சொல்ல ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். டீக்கடையில், டிவியில், கல்யாண வீட்டுப் பந்தியில், எல்லா இடத்திலும் உலக அரசியல். “அமெரிக்காவுக்கு நாம் பணியக் கூடாது.” “கோலா குடிப்பதை நிறுத்துவோம், அவன் வழிக்கு வருவான்.” அய்யா, நாங்கள் எப்போது கோலா குடித்தோம்? பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு வடை. வேண்டுமென்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், வடையை ஏற்கெனவே நிறுத்திவிட்டோம். சுதேசி பேச எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி குமரன் தடியடி பட்டு விழுந்த ஊர் இது.

“வேறு நாட்டுக்கு விற்கலாமே” என்கிறார் ஒரு பொருளாதார நிபுணர். பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ஆம் தேதி வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். கையெழுத்து ஆனது, உடனே அமலுக்கு வரவில்லையே? ஒரு புதுப் பையர் வந்து சாம்பிள் பார்த்து, ஃபேக்டரியை ஆடிட் செய்து, முதல் ஆர்டர் கொடுக்க வருஷம் ஆகும். திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திங்கட்கிழமை மூடிச் செவ்வாய்க்கிழமை லண்டனில் திறக்க முடியுமா? திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. நிபுணரின் திட்டம் பலிக்கும்வரை எத்தனை சனிக்கிழமை நாங்கள் சும்மா இருப்பது?

எண்ணெய் விஷயத்துக்கே வருகிறேன். 2022-க்கு முன்னால் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டு வாக்கில் இருந்தது. போர் வந்து விலை மலிந்ததும் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டது. மலிவாக வாங்கியதில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு லாபம். அதை டீசலாக்கி ஐரோப்பாவுக்கே விற்றவர்களும் உண்டு. இருக்கட்டும். ஆனால் என் வீட்டுக்காரரின் டி.வி.எஸ். வண்டிக்கு பெட்ரோல் போடும் பங்கில் லிட்டர் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கவே இல்லையே! மலிவு எண்ணெயின் லாபம் எங்கள் ஊர் பங்க் வரைக்கும் வரத் தெரியாமல் வழியிலேயே நின்றுவிட்டது. அதற்கான தண்டம் மட்டும் ஏழு கடல் தாண்டி என் யூனிட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது.

சீனாவும்தான் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது, எங்களைவிட அதிகமாகவே. அதற்காக அவர்களுக்கு இந்தத் தண்டம் போடவில்லை. ஐரோப்பா அப்போதும் ரஷ்ய எரிவாயுவை முழுதாக விடவில்லை. அமெரிக்காவே ரஷ்யாவிடமிருந்து யுரேனியமும் உரமும் வாங்குவதாக நம் வெளியுறவுத் துறை சொன்னது. திருப்பி அடிக்கத் தெம்புள்ளவனைத் தொட மாட்டார்கள். அடி தாங்குகிறவன் எங்கே என்று பார்த்து அடித்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஆகஸ்ட் 7-ஆம் தேதி டெல்லியில் எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் பேசினார். விவசாயி, மீனவர், கால்நடை வளர்ப்போர் நலனில் சமரசம் கிடையாது, அதற்குத் தான் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரியும், கொடுக்கத் தயார் என்றார். கேட்டதும் எனக்கே மெய்சிலிர்த்தது. என் அப்பனும் உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயிதான். ஆனால் அந்தப் பட்டியலில் டெய்லர் இல்லை. பேச்சில் பெயர் இல்லாத நாங்கள்தான் அந்தப் பெரிய விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரதமர் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்ததா?

அதிலும் ஒரு வேடிக்கை. விவசாயிக்குச் சுவராக நிற்போம் என்று சொன்ன அதே மாதம், 19-ஆம் தேதி, வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்கள். முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் வரை. மில்களுக்குப் பஞ்சு மலிவாகும், அது எங்களுக்கும் நல்லது என்றார்கள். அமெரிக்கப் பஞ்சு இங்கே வரியில்லாமல் வரலாம் என்றானது. அந்தப் பஞ்சை நூற்று, சாயம் போட்டு, நான் தைத்து அனுப்பினால் அங்கே 66.5 சதவீதம் வரி என்றானது. இங்கே பருத்தி போட்டவனுக்கும் விலை போச்சு, தைத்தவளுக்கும் வேலை போச்சு. இந்த ஏற்பாட்டில் யார் யாருக்காக நின்றார்கள்?

முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். கட்சிகள் இங்கே ஆர்ப்பாட்டம் நடத்தின. மைக்கில் எங்களுக்காக அழுதவர்கள் யாரும் என் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசவில்லை. நவம்பரில் ரிசர்வ் வங்கி, ஏற்றுமதியாளர்களின் கடன் தவணையைத் தள்ளிவைக்க வழி செய்தது. நல்ல காரியம்தான். நானும் வங்கிக்குப் போனேன். “நீங்க எக்ஸ்போர்ட்டர் இல்லைங்களேம்மா” என்றார் அந்தத் தம்பி. உண்மை, பேப்பரில் நான் எக்ஸ்போர்ட்டர் இல்லை. அமெரிக்கா வரி போட்டால் பாதிக்கப்படுகிற அளவுக்கு ஏற்றுமதிக்காரி, சலுகை என்று வந்தால் உள்ளூர்க்காரி.

இந்த ஊர் அடி வாங்காத ஊர் இல்லை. நொய்யல் ஆற்றையே சாயக் கழிவுக்குக் கொடுத்துத்தான் அந்நியச் செலாவணி சம்பாதித்தோம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் செத்த பாவம் எங்கள் பனியனிலும் ஒட்டியிருக்கிறது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே முடங்கியது. பிறகு பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., கொரோனா, நூல் விலை ஏற்றம். ஒவ்வொரு தடவையும் “கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். பொறுத்தோம். எங்கள் பொறுமையை ஒரு கச்சாப் பொருள் என்றே நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இன்னொன்றும் ஆறவில்லை. 2024-ல் பங்களாதேஷில் ஆட்சி கவிழ்ந்து கலவரம் நடந்தபோது, “அவன் ஆர்டரெல்லாம் இனி நமக்குத்தான்” என்று இங்கே சிலர் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அவர்களுக்கு வரி 20 சதவீதம் என்றானது, நமக்கு 50. டாக்கா பக்கம் காசிப்பூரில் எவளோ ஒருத்தி என் கலைமான் டி-ஷர்ட்டைத் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் என் எதிரி இல்லை. 2013-ல் ராணா பிளாசா என்ற தையல் ஆலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்களே, அவள் அந்த நாட்டுக்காரி. அவள் வீட்டில் சாவு விழுந்தால் எனக்கு ஆர்டர், என் வீட்டில் அடுப்பு அணைந்தால் அவளுக்கு ஆர்டர் என்று ஏற்பாடு பண்ணிவைத்தவர்கள் இதற்கு உலகமயம் என்று பெயர் வைத்து மாநாடு நடத்துகிறார்கள்.

என் யூனிட்டில் பேட்லாக் மெஷின் ஓட்டிய ஒடிசாப் பையனும் பீகார்ப் பையன்கள் இருவரும் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள்தான். “அக்கா, வேலை எப்போ வரும்?” என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. யாரையும் நாங்கள் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது, ஆறு நாள் மூன்று நாளானது, அவ்வளவுதான். அதனால் எந்தக் கணக்கிலும் நாங்கள் வேலை இழந்தவர்களாக வர மாட்டோம். வேலை போனவர்களுக்குக் கொஞ்ச நாளைக்குப் பாதிக் கூலி தர இ.எஸ்.ஐ.யில் திட்டம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. நம்பரே இல்லாத பீஸ் ரேட் டெய்லருக்கு அது எதற்கு?

நாட்டின் மானத்துக்காகக் கஷ்டப்படத்தான் வேண்டும் என்றால் படுகிறோம். ஆனால் தியாகம் என்று நீங்கள் பெயர் வைப்பதற்கு முன்னால் எங்களைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேளுங்கள். பவர் டேபிள்காரர்களின் கடனுக்கும் அதே தவணைச் சலுகை கொடுங்கள். பீஸ் ரேட்டில் தைக்கிற ஒவ்வொருவரையும் இ.எஸ்.ஐ.யில் சேருங்கள். வேலை இல்லாத நாளுக்குக் கூலி கொடுங்கள். மலிவு எண்ணெயில் லாபம் பார்த்தவர்களிடம் வாங்கிக் கொடுங்கள். எண்ணெய் வாங்கியவர்கள் தண்டம் கட்டட்டும். நாங்கள் தைத்த கூலி எங்களுக்கு வேண்டும்.