மேல்மண் ஈரம் மட்டும் போதாது

மழைமானி காட்டும் அளவை மட்டும் வைத்து வறட்சியை அறிவிப்பது மானாவாரி விவசாயிக்கு நியாயம் செய்யாது. பெய்த மழையில் எவ்வளவு மண்ணில் தங்கியது என்பதே பயிரின் கேள்வி. 2016இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மண் ஈரப்பதத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், அந்த அளவீட்டுக்குப் புதிய வலிமை தருகிறது. இதை வரவேற்கும் வேளையில், இதன் எல்லைகளையும் தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், இரண்டு அலைநீளங்களில் பூமியை நோக்கி நுண்ணலைகளை அனுப்புகிறது. மின்புலத்துக்கு நீரும் மண்ணும் ஒரேபோல வினையாற்றுவதில்லை. அந்தப் பண்பைக் குறிக்கும் மின்காப்பு மாறிலி காய்ந்த மண்ணுக்கு 3 அல்லது 4; நீருக்கோ 80. அதனால் ஈர மண்ணிலிருந்து அலை வலுவாகத் திரும்புகிறது. மேகமோ இரவோ இதற்குத் தடையில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கேமரா வகைச் செயற்கைக்கோள்கள் மேகத்தை மட்டுமே படம்பிடிக்கும் நாள்களில், இது பெரும் உதவி. நாசாவின் ரேடார் பயன்படுத்தும் 24 சென்டிமீட்டர் அலை, ஐரோப்பாவின் சென்டினல்-1 அனுப்பும் 5.6 சென்டிமீட்டர் அலையைவிடப் பயிரை எளிதாக ஊடுருவி மண்ணைத் தொடும்.

ஆனால், திரும்பி வரும் அலை ஈரத்தை மட்டும் சொல்வதில்லை. உழுது கட்டி புரண்டு கிடக்கும் நிலமும் அலையை வலுவாகத் திருப்பும். அடர்ந்த பயிரும் குழப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படிக் கணக்கிடப்படுவது ஏறத்தாழ மேல் 5 சென்டிமீட்டர் மண்ணின் ஈரமே. கரிசலில் மேல்மண் காய்ந்த பிறகும் அடிமண் ஈரத்தில் பருத்தி தாக்குப்பிடிக்கும். மாறாக, செயற்கைக்கோள் கடப்பதற்கு முந்தைய நாள் பெய்த தூறல் மேல்மண்ணை நனைத்திருந்தால், வேர் வறண்டு கிடக்கும் வயலும் ஈரமாகவே பதிவாகும். அந்த எண்ணைக் காட்டி இழப்பீட்டை மறுத்தால், அது அறிவியலின் பெயரால் நடக்கும் அநீதி.

பரப்பின் கணக்கும் உண்டு. நிசாரின் மண் ஈரத் தரவுக் கட்டம் ஒவ்வொன்றும் 200 மீட்டர் அகல நீளம் கொண்டது. அதாவது 4 ஹெக்டேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமோ 0.75 ஹெக்டேர். கிணற்றுப் பாசன வயலும் பக்கத்து மானாவாரி நிலமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

ஒரே கருவியை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. மண் ஈரத்துக்கென்றே நாசா 2015 ஜனவரியில் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோளின் ரேடார், அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்தது.

பயிர்க் காப்பீட்டில் இழப்பை மதிப்பிட வயலில் நடத்தும் பயிர் அறுவடைச் சோதனைகள் தாமதமாகின்றன, தகராறுக்கும் உள்ளாகின்றன என்பது உண்மை. அதற்காகச் செயற்கைக்கோளை இறுதித் தீர்ப்பாக்கிவிட முடியாது. கரிசல், செம்மண், வண்டல் என ஒவ்வொரு மண் வகையிலும் வேர் ஆழம்வரை ஈரத்தை அளக்கும் உணரிகளை அரசு நிறுவ வேண்டும். அவற்றின் அளவுகள் ஊராட்சி வாரியாகத் தமிழில் பொதுவெளியில் வர வேண்டும். வானிலிருந்து வந்த எண்ணை ஏற்காத விவசாயி, தன் நிலத்தில் மண் மாதிரி எடுத்துச் சரிபார்க்கக் கோரும் உரிமை காப்பீட்டு விதிகளிலேயே எழுதப்பட வேண்டும். விண்கலத்துக்குச் செலவிட்ட நாட்டுக்கு இது தாங்க முடியாத செலவல்ல.