குதிரையின் வலிக்கு விலை நூறு ரூபாயா?

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா விழாக்கோலம் பூணுகின்றது. மலர்க் கண்காட்சி ஒருபுறம், களியாட்டங்கள் மறுபுறம், இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகக் குதிரைப் பந்தயம். 1875ஆம் ஆண்டில் வெள்ளைத் துரைமார் தம் பொழுதுபோக்குக்கென அமைத்துக்கொண்ட அதே திடலில், ஆளுநர் கிண்ணம் என்றும் அரசியார் கிண்ணம் என்றும் அக்காலத்துப் பெயர்கள் தாங்கிய பரிசுகளுக்காகவே குதிரைகள் ஓடிவந்துள்ளன. நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் நம்மவர் குடும்பம் குடும்பமாகப் பேருந்தேறிச் சென்று, வேலியோரம் நின்று பார்த்து மகிழ்கின்றனர். அதனை நாம் குறை கூறவில்லை. ஆண்டு முழுவதும் மலையேறி இறங்கும் கால்களுக்கு ஒரு நாள் கேளிக்கை வேண்டாமா? ஆனால், ஓட்டம் முடிந்தபின் அக்குதிரையின் கதி என்ன என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. அதனை இன்று கேட்கத் துணிகின்றோம்.

விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கிரகரி வாவிக் கரையில் காலை முதல் மாலை வரை உல்லாசப் பயணிகளைச் சுமந்து நடக்கும் குதிரைகளையும் மட்டக்குதிரைகளையும் பாருங்கள். பருவகாலம் கழிந்ததும் நகரத் தெருக்களில் உரிமையாளர் எவரென்று தெரியாமல் அலைந்து, குப்பைமேட்டில் வாய் வைத்து, இரவிலே வாகனங்களுக்கு நடுவே குளிரில் நிற்கும் பிராணிகளைப் பாருங்கள். சம்பாதித்துக் கொடுக்கும்வரை அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. தீனி போட வேண்டிய நாள் வந்ததும் உரிமையாளர் மறைந்துவிடுகின்றார். இது யாருடைய குற்றம்? வாயில்லாச் சீவனின் குற்றமா, அதன் முதுகில் காசு எண்ணியவரின் குற்றமா?

நுவரெலியாவோடு இக்கதை முடிந்துவிடவில்லை. நமது தோட்டப்புற நகரங்களிலே ‘ரேஸ் புக்கி’ என்று நம்மவர் அழைக்கும் பந்தய நிலையங்கள் இருப்பதை அறியாதார் இல்லை. சம்பள நாளன்று அங்கே பணம் கட்டப்படுவது பெரும்பாலும் இந்நாட்டுக் குதிரைகளின் மீதன்று; கடல் கடந்து இங்கிலாந்திலே ஓடும் குதிரைகளின் மீது. அவற்றுள் ஒருவகை, வேலியும் அகழியும் தாண்டி ஓடும் தடைதாண்டற் பந்தயம். ‘ஸ்டீப்பிள்சேஸ்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். 1752ஆம் ஆண்டில் அயர்லாந்திலே ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு தேவாலயக் கோபுரம்வரை, இடையிற் கிடந்ததையெல்லாம் தாண்டிக் குதிரையோட்டிய இருவரின் போட்டியிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். அதன் உச்சமாகிய ‘கிராண்ட் நஷனல்’ 1839 முதல் லிவர்பூலை அடுத்த எயின்ட்ரீயில் நடைபெற்றுவருகின்றது. ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் ஓட்டம், முப்பது தாண்டல்கள். ‘குதிரை விழுந்தது’ என்ற செய்தி பந்தய நிலையத்துக்கு வரும்போது, நம்மவருக்கு அது கைவிட்டுப்போன கூலி; அங்கே கிடக்கும் குதிரைக்கோ பல வேளைகளில் அது முறிந்த கால்.

கால் முறிந்தால் குதிரையை ஏன் கொன்றுவிடுகின்றனர் என்று கேட்பாரும் உளர். பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. அத்தனை பாரத்தையும் தாங்கும் கால்களில் முழங்காலுக்குக் கீழே சதை இல்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே உள்ளன. மனிதனைப்போல் மாதக்கணக்கிற் படுத்திருந்து எலும்பு கூடக் குதிரையால் இயலாது. நோவில்லாத காலிலேயே பாரம் முழுவதையும் ஊன்றி நிற்பதால், அக்காலின் குளம்பும் அழன்று அதுவும் பழுதாகிவிடுகின்றது. நுவரெலியாவில் தடைதாண்டல் இல்லை, சமதள ஓட்டம்தானே, ஆபத்து எங்கே என்பார்க்கும் ஒன்று சொல்வோம். பயிற்சியின்போது எலும்பில் விழும் மயிரிழை போன்ற கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஓர் ஓட்டத்திலே திடீரென முறிவாக வெடிக்கின்றன. சமதளத்திலும் அது நேரும். மழையில் இளகிய தரையும் வெயிலில் இறுகிய தரையும் அதனை விரைவுபடுத்தும்.

‘ஓடுவது குதிரையின் பிறவிக்குணம்; விழுவது அதன் விதி’ என்று ஒரு வாதம் உண்டு. விதியென்று தலையில் எழுதிவிட்டால் பொறுப்பு எவருக்கும் இல்லையல்லவா? ஆனால் எயின்ட்ரீயின் வரலாறே இவ்வாதத்தைத் தகர்க்கின்றது. 2012ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இரு குதிரைகள் மாண்டன. அவற்றுள் ஒன்றாகிய சிங்க்ரனைஸ்ட் அதற்கு முந்திய மாதந்தான் செல்ட்டனம் தங்கக் கிண்ணத்தை வென்றிருந்தது. கண்டனம் எழுந்தது. 2013இல் வேலிகளின் உள்ளேயிருந்த மரக்கட்டைகளை அகற்றி, வளைந்து கொடுக்கும் பொருளை வைத்தனர். 2024இல் ஓடும் குதிரைகளின் தொகையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தனர். முதல் வேலியை முன்னே நகர்த்தி, அதனை அடையுமுன் குதிரைகள் மிகுவேகம் கொள்ளாதவாறு செய்தனர். அவ்வாண்டு அப்பந்தயத்தில் ஒரு குதிரையும் மாளவில்லை. விதி எங்கே போயிற்று?

இன்னொன்றும் கேளுங்கள். தடைகளின் விளிம்பிலே நெடுங்காலம் செம்மஞ்சள் வண்ணம் பூசிவந்தனர், குதிரைக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று. எக்சிற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்தபோது, பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் குதிரையின் கண் பெரிதாக வேறுபாடு காண்பதில்லை என்பது புலனாயிற்று. மனிதன் தன் கண்ணுக்குப் பூசிய வண்ணத்தை நம்பிக் குதிரை பாய்ந்திருக்கின்றது! அதன் பின்னரே வெள்ளை வண்ணத்துக்கு மாறினர். இதனால் அங்கே எல்லாம் சீராகிவிட்டது என நாம் கூறமாட்டோம். 2025இல் பதின்மூன்று வயதுக் குதிரையொன்று அதே திடலில் களைத்து வீழ்ந்து சில நாளில் இறந்தது. அதனை நிறுத்தாது ஓட்டியவருக்குக் கிடைத்த தண்டனை பத்து நாள் தடை. எனினும் அங்கே விசாரணை என்று ஒன்று நடந்தது. அதன் முடிவு ஊரறிய வெளிவந்தது. அந்த அளவேனும் இங்கே உண்டா?

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் புரட்டுவோம். பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். வெள்ளையர் இயற்றியது. அதன்கீழ் வதைக்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டப்பணம் நூறு ரூபாய். மூன்று மாதம்வரை சிறையும் விதிக்கலாம் என்று ஏட்டிலே உண்டு. ஆயினும் குற்றவாளியின் கண்ணுக்குத் தெரிவது அந்த நூறு ரூபாயே. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி சதக் கணக்கில் இருந்த காலத்தில் அது அச்சுறுத்தும் தொகை. இன்றோ இருவர் பால் தேநீர் அருந்தப் போதாது. புதிய விலங்கு நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006ஆம் ஆண்டிலேயே வரைந்தளித்தது. பிராணியை வைத்திருப்பவருக்கு அதனைப் பேணும் கடமை உண்டு என்பது அதன் உயிர்நாடி. பத்தாண்டு கழித்து 2016இல் அமைச்சரவை அதற்கு இசைவு வழங்கிற்று. அதன் பின்னும் ஆண்டுகள் உருண்டோடினவேயன்றிச் சட்டம் பிறந்தபாடில்லை.

ஆனால் பந்தயப் பணத்திலிருந்து அரசு தன் பங்கை எடுப்பதற்கு இத்தனை தாமதம் நேர்ந்ததா? பந்தயம், சூதாட்டம் என்பவற்றின் மீதான அறவீட்டுச் சட்டம் 1988ஆம் ஆண்டிலேயே, 40ஆம் இலக்கமாக நிறைவேறிவிட்டது. குதிரை ஓடுவதால் வரும் வருமானத்துக்குச் சட்டம் உண்டு. ஓடிய குதிரையின் வலிக்கு நூற்றாண்டு கடந்த ஏடு! கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். தமிழ்நாட்டு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது கண்டது குடும்பங்களின் பணப்பை காலியாவதை. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அது ஆராய்ந்தது பந்தயம் திறமையா சூதா என்பதை. குதிரைக்கு நோகுமா என்பது அவ்வழக்கில் வினாவாகவே எழவில்லை.

‘லயத்து அறையில் மனிதன் ஒழுகும் கூரையின்கீழ்க் கிடக்கின்றான், ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்குப் பல ஆண்டு போராடி 2021இற்றான் பெற்றான், உங்களுக்குக் குதிரையின் கவலையா?’ என்று தோழர் சிலர் சினந்து கேட்கக்கூடும். நியாயமான சினமே. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். குதிரைக்குக் கொடுக்காத பணம் தொழிலாளியின் கைக்கா வந்து சேருகின்றது? இரண்டையும் மறுப்பது ஒரே கை. துரை குதிரைமீது செல்லப் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிய குதிரைக்காரன் நம் பாட்டன். முன்னே ஓடியதற்கும் பின்னே ஓடியவனுக்கும் அந்தத் துரைத்தனம் இட்ட கணக்கு ஒன்றே: உழைக்கும்வரை தீனி, ஓய்ந்தால் வெளியே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை வாக்கற்றவராக்கியபோது, வாக்கில்லாதவனின் வலி பாராளுமன்றத்தின் செவியில் ஏறாது என்பதை நாம் பட்டறிந்தோம். குதிரைக்கு என்றுமே வாக்கில்லை. அதற்காகப் பேச நம்மைவிடத் தகுதியுடையார் யார்?

உழவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? நொண்டும் மாட்டை ஏரிற் பூட்டினால் ஊரே காறித் துப்பும். கன்றை இழந்த பசு மணியடித்தபோது தன் மகனென்றும் பாராது நீதி வழங்கிய சோழன் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே செயலை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மீது ஏற்றி மகாவம்சமும் புகழ்கின்றது. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே போற்றும் நீதி இந்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது இதுவே. அந்த மணியின் கயிறு இன்று எட்டாத உயரத்தில் கட்டப்பட்டிருக்கின்றது. அதனைக் கீழிறக்குமாறே கேட்கின்றோம்.

பந்தயத்தை நாளையே மூடுங்கள் என்பதன்று நம் கோரிக்கை. அதனை நம்பி இலாயத்திலும் திடலிலும் வயிறு வளர்க்கும் ஏழைகளை நாம் மறக்கவில்லை. கேட்பவை ஐந்தே. 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, பேணும் கடமையை விதிக்கும் சட்டம் நிறைவேற வேண்டும். பந்தய நாளில் எக்குதிரையையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம், உரிமையாளரிடம் சம்பளம் வாங்காத மிருக வைத்தியர் ஒருவருக்கு இருத்தல் வேண்டும். விழுந்த, நொண்டிய, இறந்த குதிரைகளின் விவரம் ஆண்டுதோறும் வெளியாதல் வேண்டும். பந்தயக் குதிரையாயினும் சவாரி மட்டக்குதிரையாயினும் ஒவ்வொன்றும் உரிமையாளர் பெயரில் பதிவாகி, சாகும்வரை அவர் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். பந்தய அறவீட்டில் ஒரு பங்கு, ஓய்ந்த குதிரைகளின் பராமரிப்புக்கும் இலாயத் தொழிலாளரின் விபத்துக் காப்புறுதிக்கும் ஒதுக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் எது நடவாத காரியம்? எது கருவூலத்தைக் காலியாக்கும்? அடுத்த சித்திரையில் நம்மவர் மீண்டும் அவ்வேலியோரம் நிற்பர். நம் வாக்குக் கேட்டு வரும் மலையகப் பிரதிநிதிகளும் மேல்மாடத்தில் வீற்றிருப்பர். வேலியோரம் நிற்பவர் அண்ணாந்து பார்த்து ஒரே கேள்வியை உரக்கக் கேட்கட்டும்: “ஐயா, சென்ற ஆண்டு வென்ற குதிரை இன்று எங்கே?” விடை சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். விடை வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்க நாம் கடமைப்பட்டவர்கள்.